புதிய தலைமையாசிரியரின் முதல் ஆண்டு: பெற்றோராகிய நாம் அறிய வேண்டியவை



சென்ற கல்வியாண்டில் ஒரு மாலை, நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு தாய் தன் மகனோடு வந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். தந்தை வேலைக்குப் போயிருந்ததால் தாய் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். அண்ணன் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். இரவில் பார்த்தபோதுதான் தெரிந்தது, தங்கையின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பள்ளிப் பட்டியலில் இன்னொரு மாதிரி இருந்தது. 'பேகம்' ஓரிடத்தில் சேர்ந்திருந்தது, ஓரிடத்தில் இல்லை. முன்னெழுத்தும் மாறியிருந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் அவர்களோடு பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் அம்மா பதவி உயர்வில் அந்தப் பள்ளிக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. மேசையில் பட்டியல் விரிந்து கிடந்தது. பள்ளியின் கணினிக் கணக்கில் நுழைவதற்கான ரகசிய எண், மாறுதலாகிப் போன பழைய தலைமையாசிரியரின் போனுக்கே இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் போன் போட்டு, எண்ணைக் கேட்டு வாங்கி, சான்றுகளை ஒப்பிட்டுத் திருத்தம் போட்டு முடிக்க மாலையாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், கெடு முடியும் முன்பே வேலை முடிந்தது.

நாங்கள் கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தை எங்கள் மனதில் தங்கிவிட்டது. "இந்தப் பட்டியலில் இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேரின் முகம்கூட எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் எல்லாப் பெயருக்கும் கீழே என் கையெழுத்துதான். உங்கள் ஆட்களில் யாராவது நான் வந்த வாரமே வந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

அவர் சொன்னது நியாயம். புதிய தலைமையாசிரியர் வந்தால் நாம் வாழ்த்துச் சொல்லி ஒரு சால்வை போர்த்துகிறோம். அதன் பிறகு ஏதாவது குறை வந்தால்தான் அந்த அறைக்குப் போகிறோம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முதல் ஆண்டில் என்ன நடக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. அந்த ஒரு ஆண்டில் நடக்கும் தவறுகள் நம் பிள்ளைகளின் சான்றிதழில் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அதனால் இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறோம்.

1. அவர் எப்படி வருகிறார்?

அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் பதவி பெரும்பாலும் பணிமூப்பு அடிப்படையிலான பதவி உயர்வால் வருகிறது. தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முன்னுரிமைப் பட்டியல் உண்டு. கலந்தாய்வில் காலியிடம் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணை கைக்கு வந்ததும் புதுப் பள்ளியில் போய்ச் சேர வேண்டும்.

நேற்றுவரை அவர் கணக்கோ அறிவியலோ தமிழோ நடத்தியவர். இருபது, இருபத்தைந்து ஆண்டு வகுப்பறை அனுபவம் இருக்கும். ஆனால் சம்பளப் பட்டியல் தயாரிப்பதும், தணிக்கைக்குப் பதில் எழுதுவதும், இரண்டு ஆசிரியர்களுக்கு இடையிலான சண்டையைத் தீர்ப்பதும் அவருக்குப் புதிது. சிங்கப்பூரில் தலைமையாசிரியராகப் போகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, பதவிக்கு முன்பே முழுநேரப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நம் நாட்டிலும் பள்ளித் தலைமைக்கென்று ஒரு தேசிய மையம் டெல்லியில் 2012-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது, மாநில அளவிலும் பயிற்சிகள் நடக்கின்றன. ஆனாலும் பெரும்பாலானோர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள்.

சில பள்ளிகளில் நிரந்தரத் தலைமையாசிரியரே இருப்பதில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் 'பொறுப்பு தலைமையாசிரியர்' என்ற பெயரில் இரண்டு வேலையையும் பார்க்கிறார். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் வகுப்புகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே தலைமையாசிரியரை நிர்வாகமே நியமிக்கிறது. அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு இந்த உரிமையைத் தருகிறது. 1998-ல் கேரளத்தின் முஸ்லிம் சிறுபான்மைப் பள்ளி ஒன்று தொடர்பான வழக்கில், தகுதியுள்ளவரை நிர்வாகம் தன் விருப்பப்படி தலைமையாசிரியராகத் தேர்ந்தெடுக்கலாம், பணிமூப்பு அதற்குத் தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உரிமை பெரியதுதான். ஆனால் மூத்தவரைத் தாண்டி இளையவர் ஒருவரை உட்கார வைத்தால், மறுநாள் காலையிலிருந்து அவர் சந்திக்கும் மௌனத்தையும் முணுமுணுப்பையும் சமாளிக்க நிர்வாகம் துணை நிற்க வேண்டும். நியமன ஆணையைக் கொடுத்ததோடு நிர்வாகத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

2. முதல் வாரம்: சாவியும் பதிவேடுகளும்

பொறுப்பேற்பு என்றால் சாவிக்கொத்து வாங்குவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அன்று அவர் கையெழுத்துப் போட்டு வாங்குவது பெரிய பாரம். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் புத்தகம், ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள், ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, வங்கிக் கணக்குகள் எல்லாம் அவர் பொறுப்பில் வருகின்றன. இருப்பில் முப்பது மேசை என்று எழுதியிருந்து, அறையில் இருபத்தாறு இருந்தால், அந்த நான்கு மேசைக்கு இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓய்வு பெறும் நேரத்தில் தணிக்கைத் தடையில் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியரே சம்பளம் பெற்று வழங்கும் அலுவலர். ஒரு மாதம் பட்டியல் தாமதமானால் ஆசிரியர் அனைவரின் வீட்டிலும் அது தெரியும். அதனால் புதியவர் முதல் மாதத்தில் வகுப்பறைப் பக்கம் வராமல் அலுவலகத்திலேயே கிடப்பதைப் பார்த்து, "இவர் பிள்ளைகளைக் கவனிப்பதில்லை" என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

பெற்றோருக்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. மாற்றுச் சான்றிதழ், படிப்புச் சான்று போன்றவை தேவையென்றால், தலைமையாசிரியர் மாறும் வாரத்தில் போய் நிற்க வேண்டிய நிலையை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தேவை முன்பே தெரிந்தால் முன்பே எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கி வையுங்கள். எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்ற காரணத்தால் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து இங்கே குடிவரும் குடும்பங்களுக்கு இது முக்கியம். மாநிலம் மாறி வரும் சான்றிதழில் மேலொப்பம் இல்லை என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். முதலில் வகுப்பில் சேருங்கள், பிறகு காகிதத்தைச் சரிசெய்யலாம்.

3. நேற்றைய தோழர், இன்றைய தலைவர்

அதே பள்ளியிலேயே பொறுப்பு கிடைத்தவருக்கு வேறு சிக்கல். நேற்றுவரை ஒரே அறையில் டீ குடித்தவர்கள், இன்று அவர் முன்னால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தாமதமாக வரும் நண்பரைக் கேட்டால் "நாற்காலி வந்ததும் மாறிவிட்டார்" என்பார்கள். கேட்காவிட்டால் மற்றவர்களும் தாமதமாக வருவார்கள்.

வெளியூரிலிருந்து வருபவருக்கு ஊரே தெரியாது. முன்பு இருந்தவரோடு ஒவ்வொரு நாளும் அவரை ஒப்பிடுவார்கள். "பழைய சார் இருந்தபோது இப்படி இல்லை" என்ற வார்த்தையை ஆசிரியர்களும் சொல்வார்கள், பெற்றோரும் சொல்வார்கள், பிள்ளைகளும் சொல்வார்கள். பழைய சாரும் முதல் ஆண்டில் தடுமாறியவர்தான் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

நாங்கள் பார்த்தவரை, இந்தக் கட்டத்தை நன்றாகத் தாண்டியவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதல் மாதம் எதையும் பெரிதாக மாற்றவில்லை. ஒவ்வொரு ஆசிரியரிடமும் தனியாக உட்கார்ந்து, "இந்தப் பள்ளியில் எது நன்றாக இருக்கிறது, எது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டார்கள். அடுத்து, தினமும் காலை மணி அடிக்கும் முன் வாசலில் நின்றார்கள். வாசலில் நிற்பவருக்குத் தாமதமாக வரும் ஆசிரியரும் தெரிவார், சாப்பிடாமல் வரும் பிள்ளையும் தெரியும், பேசத் தயங்கும் தாயும் தெரிவார். யாரையும் அறைக்குக் கூப்பிட்டு அதட்ட வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும்.

4. திரைக்கும் வகுப்பறைக்கும் நடுவில்

இன்றைய தலைமையாசிரியரின் நேரத்தில் பெரும்பகுதியை எமிஸ் இணையதளமும் அதைச் சார்ந்த செயலிகளும் எடுத்துக்கொள்கின்றன. வருகைப் பதிவு, பாடநூல், சீருடை, மிதிவண்டி, மதிப்பெண், ஆதார் விவரம் எல்லாம் அதில் ஏற வேண்டும். நம்மிடம் கேட்கப்படும் விவரங்களை நாம் ஒரே முறையில் சரியாகக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. நான்கு முறை ஆள் அனுப்பிய பிறகு வாட்ஸ்அப்பில் மங்கலான படம் அனுப்பினால் அந்த நேரம் பிள்ளைகளுக்கு நடக்க வேண்டிய பாடத்திலிருந்துதான் போகிறது.

சிறிய தொடக்கப் பள்ளிகளில் இது இன்னும் கடினம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்க நிலையில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 100-க்கு மேல் இருந்தால்தான் முழுநேரத் தலைமையாசிரியர். அதற்குக் கீழே உள்ள பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியர்தான். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே நல்ல திட்டங்களும் அவர் தோளில்தான் ஏறுகின்றன. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கான விரிவாக்கம் 2024 ஜூலை 15 அன்று நமக்குப் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நகரப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 முதல் வந்தது. பிள்ளைகளுக்கு இது பெரிய நன்மை. ஆனால் காலையில் உணவு நேரத்துக்கு வந்ததா, சரியாக இருக்கிறதா, எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பார்க்கும் பொறுப்பும் பள்ளிக்கு உண்டு.

பெண்பிள்ளைகளின் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் இது விரிவாக்கப்பட்டது. பிள்ளை எந்தப் பள்ளியில், எந்த வழியில் படித்தாள் என்பதற்கு ஆதாரம் பள்ளிப் பதிவுதான். பெயரோ ஆதார் எண்ணோ தவறாக ஏறியிருந்தால் கல்லூரியில் சேர்ந்த பிறகு அலைய வேண்டிவரும். புதிய தலைமையாசிரியர் பழைய பதிவுகளில் உள்ள பிழையைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

5. நம் ஊரின் தனித்தன்மை

அரக்கோணம் ரயில்வே ஊர். நம் வீடுகளில் பல ஆண்கள் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்றால் அவர்களால் வர முடியாது. தாய்மார்கள் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்த தலைமையாசிரியர் இதைப் பார்த்து, "இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையில்லை" என்று நினைத்துவிடுகிறார். அக்கறை இருக்கிறது, ஆனால் ஆள் ரயிலில் இருக்கிறார் என்று அவருக்கு யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் கேட்டுப் பார்க்கலாம். முடியாவிட்டால் தாய்மார்கள் நான்கு பேர் சேர்ந்து, கேட்க வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம்.

இங்கே ஒரே வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும், உருது பேசும் பிள்ளையும், தெலுங்கு பேசும் பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். முதல் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் பேசாமல் இருந்தால் அது மந்தம் அல்ல, மொழி புரியவில்லை என்பதாக இருக்கலாம். உங்கள் வீட்டு மொழியைச் சேர்க்கையின்போதே சொல்லுங்கள்.

2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் வேலூர் மாவட்டத்தில் இருந்தோம். பழைய கோப்புகளும் பழைய சான்றுகளும் பழைய மாவட்டப் பெயரிலேயே இருக்கும். புதிதாக வருபவர்களுக்கு இதுவும் ஒரு குழப்பம்.

நம் சமுதாயம் தொடர்பாக அவருக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. காலையில் மக்தபுக்குப் போய் ஓதிவிட்டு ஓடிவரும் பிள்ளை ஐந்து நிமிடம் தாமதமாகலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் ரமழான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால் பொதுத்தேர்வுக் காலத்தோடு சேர்ந்துவிடுகிறது. நோன்பிருக்கும் பிள்ளையை வெயிலில் ஓடவிடக் கூடாது என்பது முன்பே சொன்னால் எளிதாகப் புரியும். சொல்லாமல் இருந்துவிட்டு, நடந்த பிறகு போய்ச் சண்டையிட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். அதேபோல, மக்தப் நேரத்தைக் கால் மணி முன்னால் முடித்துக்கொடுக்க நம் பள்ளிவாசல்களும் முன்வர வேண்டும். எல்லா விட்டுக்கொடுப்பையும் பள்ளியிடமே கேட்பது சரியல்ல.

6. வரலாறு காட்டும் இரண்டு முதல் ஆண்டுகள்

வங்காளத்தின் பேகம் ரொக்கையா 1880-ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். அண்ணனிடம் வீட்டிலேயே எழுத்துப் படித்தார். கணவர் சகாவத் ஹுசைன் பெண்கள் பள்ளி தொடங்குவதற்கென்று பணம் ஒதுக்கிவைத்து 1909-ல் இறந்தார். அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி தொடங்கியது. குடும்பத்துச் சொத்துப் பிரச்சினையால் ஊரை விட்டு வர நேர்ந்தது. 1911 மார்ச்சில் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார்.

பள்ளியை எப்படி நடத்துவது என்றே தெரியாத நிலையில் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் அவர். மற்றப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆசிரியைகள் கிடைக்காதபோது தாமே பயிற்சி கொடுத்தார். வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்டார். பர்தாவோடு அழைத்துவர மூடிய வண்டி ஏற்பாடு செய்தார். காற்றும் வெளிச்சமும் புகாத வண்டியில் பிள்ளைகள் பயந்து அழுதார்கள், சிலர் வாந்தி எடுத்தார்கள், மயங்கினார்கள். உடனே மூடலை எடுத்துவிட்டுத் துணித்திரை போட்டார். திரை காற்றில் பறக்கிறது, பர்தா போய்விட்டது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. மூடினால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், திறந்தால் சமுதாயம் திட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் 1932-ல் இறக்கும் வரை பள்ளியை நடத்தினார். அதற்குள் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்துவிட்டது. இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பெண்கள் பள்ளியாக நடக்கிறது.

இன்னொருவர் இலங்கையின் டி. பி. ஜாயா. கொழும்பு மருதானையில் சித்திலெப்பை போன்ற பெரியோர்களின் முயற்சியால் 1892-ல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரி, பின்னர் நலிந்துபோயிருந்தது. 1921-ல் ஜாயா அதிபராகப் பொறுப்பேற்றபோது அறுபது மாணவர்கள்கூட இல்லை. ஆனந்தாக் கல்லூரி போன்ற பெரிய பள்ளியில் நல்ல பெயரோடு ஆசிரியராக இருந்தவர், அதை விட்டுவிட்டு இங்கே வந்தார். 1948 வரை, 27 ஆண்டுகள் இருந்தார். ஸாஹிரா நாட்டின் முன்னணிப் பள்ளிகளில் ஒன்றானது. கம்பளை, புத்தளம் போன்ற ஊர்களில் கிளைகள் வந்தன. அவருக்குப் பின் வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பெரிய அரசுப் பதவியை உதறிவிட்டு அதிபர் நாற்காலிக்கு வந்தார்.

இருவர் கதையிலும் ஒரு செய்தி ஒன்றாக இருக்கிறது. பள்ளி ஓராண்டில் எழுந்துவிடவில்லை. ரொக்கையாவுக்கு இருபது ஆண்டுக்கு மேல் தேவைப்பட்டது, ஜாயாவுக்கு இருபத்தேழு ஆண்டு கிடைத்தது. நாம் முதல் அரையாண்டுத் தேர்வு முடிவைப் பார்த்தே "இந்த எச்.எம். சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறோம். இரண்டாவது ஆண்டில் மாறுதல் கேட்டுப் போய்விடும் தலைமையாசிரியர்களில் சிலரை அனுப்பிவைத்தது நம் வாய்தான்.

7. எங்கள் தவறு ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் பிள்ளையை ஆசிரியர் அடித்துவிட்டார் என்று செய்தி வந்தது. நாங்கள் பத்துப் பேர் ஒன்றாகக் கிளம்பிப் போனோம். தலைமையாசிரியர் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் பதில் சொல்லத் தடுமாறினார். எங்களுக்கு வெற்றி கிடைத்தது போல் இருந்தது. ஆனால் அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவர் எங்களைக் கண்டாலே ஒதுங்கினார். ஒரு ஏழை மாணவிக்குக் கட்டணம் செலுத்த நாங்கள் பின்னர் போனபோதும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

அடித்தது தவறு, அதில் சமரசம் இல்லை. பிள்ளைகளை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆனால் அதைக் கேட்க இரண்டு பெற்றோரும் ஒரு எழுத்து மனுவும் போதும். முதலில் வகுப்பாசிரியர், பிறகு தலைமையாசிரியர், அதன் பிறகு பள்ளி மேலாண்மைக் குழு, தீராவிட்டால் வட்டார அல்லது மாவட்டக் கல்வி அலுவலர் என்று வரிசை இருக்கிறது. 14417 என்ற கல்வி உதவி எண்ணும் இருக்கிறது. பிள்ளையின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம், உடனே 1098-ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில் படிப்படியாகப் போவதே பலன் தரும். கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டால், அடுத்த நாள் அந்தப் பள்ளியில் உட்காரப் போவது நம் பிள்ளைதான்.

8. நாம் செய்யக்கூடியவை

முதலாவது: புதிய தலைமையாசிரியர் வந்த முதல் மாதத்திலேயே இரண்டு அல்லது மூன்று பேர் போய்ச் சந்திப்பது. சால்வை வேண்டாம். நம் தெருவில் எத்தனை பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள், மக்தப் நேரம் என்ன, உதவி தேவைப்பட்டால் யாரைக் கூப்பிடலாம் என்று எழுதிய ஒரு தாள் கொடுத்தால் போதும்.

இரண்டாவது: பள்ளி மேலாண்மைக் குழுவில் பங்கெடுப்பது. சட்டப்படி இக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை சொல்லும் அளவிலேயே இயங்கும் என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆலோசனைக்கும் மதிப்பு உண்டு, ஆனால் கூட்டத்துக்கு வந்தவர்தான் ஆலோசனை சொல்ல முடியும். நம் பெண்கள் பெயரளவில் உறுப்பினராக இருந்து, வீட்டுக்கு வந்த பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வழக்கம் நிற்க வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, பள்ளிப் பதிவு நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்ப்பது. எட்டாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டால் நேரம் இருக்கும். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் போன பிறகு திருத்துவது மிகவும் கடினம். பாஸ்போர்ட் எடுக்கும் நாளில் அழுது பயனில்லை.

நான்காவது: பத்தாம் வகுப்போடு பெண்பிள்ளையை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், முடிவெடுக்கும் முன் தலைமையாசிரியரை ஒரு முறை சந்திப்பது. புதியவரானாலும், எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது, என்ன உதவி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஐந்தாவது: நன்றாகச் செய்ததை நேரில் சொல்வது. கழிவறை சுத்தமாக இருக்கிறது, பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டான் என்று ஒரு வார்த்தை. குறை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு அது பெரிய பலம்.

வீட்டில் கலந்து பேச

1. நம் பிள்ளையின் தலைமையாசிரியர் பெயர் நமக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது, எதற்காக அவரைச் சந்தித்தோம்?

2. பிள்ளையின் நான்கு ஆவணங்களையும் இந்த வாரம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தோமா?

3. பள்ளிக் கூட்டத்துக்கு வர முடியாதபடி தடையாக இருப்பது எது? அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு சேர்ந்து அதை எப்படிச் சமாளிக்கலாம்?

4. பிள்ளைகள் முன்னால் ஆசிரியரைப் பற்றி நாம் எப்படிப் பேசுகிறோம்?

பெயர்ப் பட்டியலோடு வந்த அந்த மாணவி தேர்வு எழுதி, இப்போது பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறார். மதிப்பெண் சான்றிதழில் பெயர் சரியாக இருக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் அம்மாவுக்கு இது இரண்டாம் ஆண்டு. இந்த முறை பட்டியல் வரும் முன்பே எங்களுக்குப் போன் செய்தார்: "உங்கள் தெருப் பிள்ளைகளின் சான்றுகளைப் பெற்றோர் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், உட்கார்ந்து ஒரே நாளில் பார்த்துவிடலாம்." பெற்றோர் வந்தார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

பிள்ளைகள் நம்மிடமும் அமானிதம், பள்ளியிடமும் அமானிதம். புதிதாகப் பொறுப்பேற்கும் ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் அல்லாஹ் பொறுமையையும், நமக்கு நல்ல புரிதலையும் தருவானாக. இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.